ஈரத் தலை

நாச்சம்மாள் குளியலறையை விட்டு வெளியே வந்ததும் நர்ஸ் சிஞ்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கழுத்துக்குக் கீழே மட்டும், மருந்துச் சோப்புப் போட்டு, வெந்நீரில். எட்டோ பத்தோ மணி நேரம் ஆபரேஷன் மேசையில் கிடக்க வேண்டிய உடம்பு. ஈரத் தலையோடு போனால் சில்லிட்டுவிடும். தொட்டுப் பார்த்தால், ஊற்றியிருந்தது பச்சைத் தண்ணீர்!

வைவதற்குக்கூட நேரமில்லை. அவளுக்குப் பொருத்த வேண்டிய ஈரல் இன்னோர் ஊரிலிருந்து ஆம்புலன்ஸில் கிளம்பியாயிற்று. தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

இதற்கு முன்னும் இரண்டு தடவை பெருமாட்டி கிராமத்திலிருந்து அடித்துப் பிடித்துக் கொச்சிக்கு வந்து, ஈரல் சரிப்படாமல் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனவள். இப்போது வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, இன்னொரு தடவை திரும்பிப் போனால் மறுபடி வருவாளா என்பதே சந்தேகம். சிஞ்சுவுக்கும் அது தெரியும், வராந்தாவில் நிற்கும் புருஷன் ஆறுமுகசாமிக்கும் தெரியும்.

கட்டிலில் உட்காரவைத்து, துவட்டி, டிரையரைப் போட்டாள் சிஞ்சு. கோவையில் நாலு வருஷம் வேலை பார்த்துப் பழகிய தமிழில் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் பதமாகக் கோதியது. இந்த அம்மாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

“கோவிச்சுக்காதீங்க கண்ணு. ஒறம்பரைல ஒரு சாவுங்க. தெரிஞ்சும் தலைக்கு ஊத்தாம எப்படிங்க இருக்கறது?” என்றாள் நாச்சம்மாள்.

சிஞ்சு டிரையரை அணைத்தாள். யார் போய் இந்த நேரத்தில் சொல்லித் தொலைத்தார்கள்? உறவில் இழவு, நான் போயாக வேண்டும் என்று இவள் எழுந்து நின்றுவிட்டால்? செய்யக்கூடிய ஆள்தான்.

பதற்றத்தில் தமிழ் மறந்துபோய், “ஆரா மரிச்சது, அம்மே?” என்று கேட்டாள்.

நாச்சம்மாள் ஆஸ்பத்திரி கவுனின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேரு தெரியாதுங்க. ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்ல மாட்டீங்கறீங்க. ஆனா அவிங்க ஈரலு இனி என்ற வயித்துல இருக்கப் போவுது. இதுக்கு மேல என்னுங்க ஒறம்பரை?”