எரிக்கக் கொடுத்த கட்டில்

தீ விபத்துப் புலனாய்வுப் பயிற்சியில் தேர்வு இப்படித்தான் நடக்கும். ஓர் அறையில் வீட்டுச் சாமான்களைப் போட்டு, பயிற்றுநர் தன் கையாலேயே தீ வைப்பார். அணைத்த பிறகு மாணவர்கள் உள்ளே போய், என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இந்த முறை கட்டில் கிடைக்கவில்லை. பயிற்றுநர் தன் வீட்டு இரும்புக் கட்டிலைக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி நான்கு வருடம் அதில் படுத்த படுக்கையாகக் கிடந்து, போன மாதம்தான் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அவள் கால் தரையில் படவில்லை.

காலையில் அறையைச் சுற்றிப் பார்த்துக் கதவைப் பூட்டினார். ஜன்னல் வழியாகத் திரைச்சீலையில் தீ வைத்தார்.

ஆறு பேர் சரியாகவே எழுதினார்கள். ஏழாவது பெண் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் தவறினால் வேலை போய்விடும். ‘எரியும்போது உள்ளே ஆள் இருந்தாரா?’ என்ற கேள்விக்கு அவள் மட்டும் ‘இருந்தார்’ என்று எழுதியிருந்தாள்.

“என்னம்மா, மறுபடியும் சொதப்பிட்டியே. நான்தானே பூட்டினேன்? உள்ள ஈ காக்கா இல்ல.”

“வந்து பாருங்க சார்.”

கட்டிலோரம் தரை முழுக்கக் கரி படிந்திருந்தது. நடுவே இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. பத்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன.

“கட்டில்லேருந்து எழுந்து நின்னிருக்காங்க. தீ அடங்குற வரைக்கும் நகரல சார்.”

அவர் அளவுநாடாவை எடுத்தார். அளக்காமலேயே பையில் போட்டுக்கொண்டார்.

“தப்பா சார்?”

“நல்லா ஊணி நின்னிருக்காளா?”

“ரெண்டு குதிகாலும் பதிஞ்சிருக்கு சார்.”

அவர் விடைத்தாளை வாங்கி முழு மதிப்பெண் போட்டார்.