பிளேடின் அகலம்

மேசை ரம்பத்தில் பிளேடைச் சுற்றியிருந்த இரும்புத் தட்டின் பிளவு மிகவும் அகலம். அறுக்கிற பலகையெல்லாம் விளிம்பு பெயர்ந்தது. தச்சர் அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு, பிளவே இல்லாத பிளைவுட் தட்டு ஒன்றைப் பொருத்தினார். சுழலும் பிளேடை அடியிலிருந்து மெல்ல உயர்த்தினார்.

"உனக்கு வலிக்குமே," என்றது பிளேடு.

"பரவாயில்லை, வா. உன் அகலத்துக்கு மட்டும் அறுத்துக்கொள். உன்னை ஒட்டி நின்றால்தான் பலகையை நான் தாங்க முடியும்," என்றது தட்டு.

அதன்பிறகு பலகைகளின் விளிம்பில் ஒரு மரச்சிலாம்புகூடப் பெயரவில்லை.

ஒருநாள் சாய்வாக அறுக்கும் வேலை வந்தது. தச்சர் தட்டை மாற்ற மறந்து பிளேடைச் சாய்த்தார். அது தட்டையும் சேர்த்து அறுத்தது. பிளவு ஒரு பக்கம் விரிந்துபோனது.

வேலை முடிந்ததும் பிளேடு நிமிர்ந்தது. "அவர் சாய்த்தார், நான் சாய்ந்தேன். ஒரே ஒரு தடவைதானே? இதோ, பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்," என்றது.

"நீ வந்துவிட்டாய்," என்றது தட்டு.

அடுத்த பலகையின் விளிம்பு சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது.

"முன்பெல்லாம் எப்படித் தாங்குவாய்! இப்போது உனக்கு என்னதான் ஆயிற்று?" என்று தட்டிடம் கோபித்துக்கொண்டது பிளேடு.