பாதி நேரில், பாதி ஆன்லைனில்

“மேல்தட்டுல இருக்கற புத்தகத்தை எட்டி எடுங்க தம்பி, பாக்கலாம்.”

நூலகர் அருண்குமார் ஸ்டூல் தேடாமல், குதிகாலைக்கூடத் தூக்காமல் எடுத்துக் காட்டினான். கேமராவை அணைத்துவிட்டு லேப்டாப்புக்குள் ஒளிந்திருந்த அந்தக் குரல், “ம்ம்” என்றது.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்துக் கல்லூரி அது. முதலாமாண்டில் பிள்ளைகள் குவிந்துவிட்டதால், நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் வகுப்புக்குப் பாதிப் பேர் நேரில், மீதிப் பேர் ஆன்லைனில். “பல்கலைக்கழகத்துல இருந்து ஒருத்தர் பேர் சொல்லாம ஆன்லைன்ல பாப்பாரு. அவருக்குப் புடிச்சாத்தான் உன்ற வேலை நிரந்தரம், இல்லீன்னா இந்த மாசத்தோட சரி” என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

முப்பத்துநாலு வயதில் தற்காலிக வேலையும் போனால் என்ன செய்வது? அம்மா நாச்சியம்மாள் வேறு, “நீ பாடம் நடத்தறதை நாலு பேரு பாக்கட்டும் கண்ணு” என்று வகுப்பு லிங்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, புதுச் சட்டையை மாட்டி அனுப்பியிருந்தாள்.

“கண்ணாடி போடாம அந்த எழுத்தைப் படிப்பீங்களா?”

புத்தகத்தில் ஒட்டியிருந்த எண்ணை அருண்குமார் கடகடவென்று படித்தான். லேபிள் தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது.

“பீடி, சிகரெட்டு, தண்ணி?”

“நூலகத்துக்குள்ள அறவே கூடாதுங்க.”

“வெளிய?”

“வெளியவும் இல்லீங்க.”

விதிமுறையை இத்தனை கறாராகப் பார்க்கும் ஆளை அவன் கண்டதில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“வேலை நிரந்தரமுங்களா?”

“அது உங்க கையிலதானுங்க இருக்குது.”

“பணிவான பையன்தானுங்க” என்று மறுமுனையில் ஒரு பெண்குரல் சொன்னது. ஒருத்தர் என்றார்களே, குழுவாகவே உட்கார்ந்துவிட்டார்களா?

அதன்பிறகு பாடமாவது ஒன்றாவது. அத்தனை மாணவர்களையும் மறந்து, திரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“ஐயா, இதுக்கு மேல தாங்காதுங்க. என்னையப் புடிச்சிருக்குதா இல்லையான்னு இப்பவே சொல்லிப்போடுங்க.”

கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு. பிறகு அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

“எங்களுக்கெல்லாம் சம்மதந்தானுங்க மாப்ள, பொண்ணுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப்போடறமுங்க.”