பூஜ்ஜியம் என்றால்

வெவ்வேறு நிறுவனங்களின் மின்பாதைக் கண்காணிப்புக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுமொழி வகுக்கும் கூட்டம் அது. சோதனைக்காக இரண்டு நிறுவனங்களின் கருவிகளை அன்று காலைதான் முதன்முதலாக இணைத்திருந்தார்கள். திரையில் ஏழாம் எண் மின்பாதைக்கு நேராகப் பூஜ்ஜியம் தெரிந்தது. மின்சாரம் இல்லை என்று பொருள் கொண்டு, பொறியாளர் மங்கையர்க்கரசி லைன்மேன் இருதயராஜை அந்தப் பாதையில் பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறச் சொல்லி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"எங்க கருவியில பூஜ்ஜியம்னா கோளாறு எதுவும் இல்லன்னு அர்த்தம் மேடம்," என்றார் இரண்டாவது நிறுவனத்துக்காரர், டீயை ஆற்றியபடி. "லைன்ல கரண்ட் நல்லா ஓடுதுன்னு."

மங்கையர்க்கரசி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இருதயராஜின் எண்ணுக்கு அடித்தாள். நான்காவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"அவரு மேல ஏறிட்டாரும்மா. போனை எங்க கடையில குடுத்துட்டுப் போனாரு."

"அவர எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. கத்திச் சொல்லுங்க!"

"இந்தா, கூப்பிடுறேன்."

செருப்புச் சத்தம் ஓடியது. "அண்ணே!" என்று அவள் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை அவள் குரல் அலறலாக மாறியிருந்தது.