பேர் வெட்டின பாத்திரம்

"இந்த அண்டா யாரோடதும்மா?"

"எங்க குழுவோடது சார்." தங்கப்பொண்ணு அக்கா கூசாமச் சொல்லிருச்சு.

எனக்குப் பகீர்னுச்சு. எங்க குழுவுக்குன்னு சொந்தமா இருக்கிறது ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அண்டாவாவது குண்டாவாவது!

சமயநல்லூர்ல எங்க தெருவைச் சுத்தி, கேக்க நாதியில்லாம வீட்டோட முடங்கிக் கிடக்கிறவங்க பதினோரு பேரு. அவங்களுக்கு மத்தியானச் சோறு ஆக்கிக் கொண்டுபோய்க் குடுக்கிறோம். வெட்டவெளியில விறகடுப்பு. போன ஐப்பசி மழையில ஆறு நாள் அடுப்பே பத்தலை. கண்ணு தெரியாத சவரியப்பன் அந்த ஆறு நாளும் பன்னைத் தண்ணியில நனைச்சுத் தின்னாராம். அதைக் கேட்டதுலருந்து மேகம் கறுத்தாலே விறகை அள்ளி வீட்டுக்குள்ள போட ஓடுறேன்.

அதான் மதுரையில ஒரு டிரஸ்டுக்கு எழுதிப் போட்டோம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரிய கேஸ் அடுப்பு, அம்புட்டுதான். அவங்க அனுப்புன ஃபாரத்தை நிரப்பி வச்சிருந்தது நான்தான். எஸ்தரு, ப்ளஸ் டூ பாஸ்.

அதை விசாரிக்க வந்தவர்தான் இந்த சேக் இஸ்மாயில் சார். வந்ததுலருந்து மூஞ்சியில மருந்துக்கும் சிரிப்பில்லை. டீ குடுத்தோம், வேணாம்னுட்டாரு.

"ஒரு வாய் சாப்பிடுங்க சார்."

"மனு போட்ட இடத்துல பச்சைத் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவும்மா. கேரியர் கொண்டாந்திருக்கேன்."

உத்தரவாம்ல உத்தரவு! எங்க சோறு தொண்டையில இறங்காதுன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே? எனக்கு அப்பவே சுள்ளுனு வந்துச்சு. மனுஷன் ஓரமா உக்காந்து சாப்பிட்டு, குழாயடியில கேரியரைக் கழுவிட்டு வந்தாரு. வந்ததும் நேரா அண்டாவைச் சாய்ச்சு, கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு.

"நல்லகாமன், சரண்யாதேவி திருமணம். அன்பளிப்பு: தாய்மாமன் ராம்கி."

செத்தோம்டா சாமி. பேர் வெட்டாம நம்ம ஊர்ல எவ பாத்திரம் வாங்குறா?

தேக்சாவைக் கவுத்தாரு. "சபிஹா." குண்டானைத் தூக்குனாரு. "தமிழ்வாணி, புதுமனை புகுவிழா." தட்டு, கரண்டி, தூக்குவாளி ஒண்ணு விடலை. திருட்டுச் சாமானைப் பிடிச்ச போலீசு மாதிரி அம்புட்டையும் ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டாரு.

"குழுவோடதுன்னு சொன்னீங்களேம்மா?"

அக்கா தலையைத் தொங்கப் போட்டுச்சு. "இரவல்னு சொன்னா, ஒண்ணுமத்த கூட்டம்னு நெனைச்சிருவீகளோன்னுதான் சார்..."

எனக்குப் பொறுக்கலை. "ஆமா சார், இரவல்தான்! காலையில வாங்கி, சாயங்காலம் விளக்கி, பேரைப் பாத்து வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறோம். ரெண்டு வருசத்துல ஒரு ஸ்பூனு தொலைஞ்சதில்லை. அக்கா பொய் சொன்னது தப்புத்தான். அதுக்காகப் பதினோரு பேரு வயித்துல அடிச்சிராதீங்க!" சொல்லும்போதே அழுகை முட்டிக்கிட்டு வந்திருச்சு.

"ஃபாரத்தைக் குடும்மா."

குடுத்தேன். பேனாவை எடுத்துச் சரக்குனு ஒரு அடி அடிச்சாரு. எனக்கு உசுரே போச்சு.

"'ஊர் மக்களோட பங்கு'ன்னு இங்க ஒரு கட்டம் இருக்கே. அதுல ஏன் 'இல்லை'ன்னு எழுதுன?"

"எங்ககிட்ட ஏது சார் காசு?"

"காசுன்னு இதுல எங்க போட்டிருக்கு? ஊரோட பங்கு இல்லைன்னா மொத மேசையிலயே ஃபாரத்தைத் தள்ளி வச்சிருவாங்க. அந்தம்மா சொன்னது சின்னப் பொய். நீ எழுதுனதுதான்மா பெரிய பொய்."

அவரு பாட்டுக்குக் குறிச்சு வச்சதைப் பாத்து எழுதுனாரு. கட்டம் பத்தலை. பின்பக்கமும் எழுதுனாரு.

"ஒவ்வொரு பேருக்கு நேராவும் அவங்கவங்க கையெழுத்தை வாங்கித் திங்கக்கிழமைக்குள்ள அனுப்புங்க. அப்புறம் தள்ளி வைக்க மாட்டாங்க." சொல்லிட்டு வண்டியை எடுத்தாரு. அப்பவும் சிரிக்கலை.

கொஞ்ச நேரத்துல அக்கா குழாயடியிலருந்து கத்துச்சு. "ஏ எஸ்தரு! அந்த சாரு கேரியரைக் கழுவிக் கவுத்து வச்சவரு அப்பிடியே மறந்துட்டுப் போயிட்டாரு. ஓடுடி!"

ஃபாரமும் கையுமா, கேரியரைத் தூக்கிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனேன். வண்டி அடுத்த ஊரு பரவையையே தாண்டியிருக்கும். மூச்சு வாங்க நின்னவ, சும்மா ஃபாரத்தைத் திருப்பிப் பாத்தேன்.

அண்டா, நல்லகாமன். தேக்சா, சபிஹா. குண்டான், தமிழ்வாணி. இப்படியே ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு முப்பத்தொரு பேரு. ஒண்ணுமே இல்லைன்னு நான் எழுதுன இடத்துல எங்க தெருவே நின்னுச்சு. கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் காலியாக் கிடந்துச்சு, கடைசி வரியைத் தவிர.

'32. மூணடுக்குக் கேரியர் ஒண்ணு, சேக் இஸ்மாயில்.' அதுக்கு நேரா அவரு கையெழுத்து.