நடுவில் ஒரு குழி

குழியேதான். சந்தேகமே இல்லை.

ஓட்டுநருடைய கண்ணின் பின்சுவர், ஆஸ்பத்திரித் திரையில் முப்பரிமாணப் படமாக நின்றது. அடுக்கடுக்காகச் சமமாக வந்த தளம், நட்டநடுவில் பொத்தென்று இறங்கியிருந்தது.

இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் குழியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தப் பரிசோதனையில் தேறாவிட்டால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

"என்னம்மா இது, நடுவுல இப்படிப் பள்ளமா இருக்கு?"

"ரெண்டு படத்தையும் டாக்டர் பாக்கட்டும் சார்" என்றாள் படமெடுத்த பெண். அவள் முகத்தில் சற்றுமுன் இருந்த சிரிப்பு இல்லை.

இன்னொரு படம் அவர் மனைவியுடையது. இயந்திரத்தில் தாடையை வைக்கவே அவர் நடுங்கியபோது, "இதுக்கா இவ்வளவு பயம்? தள்ளுங்க, நான் உக்காந்து காட்டறேன்" என்று அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அவளை ஒரு படம் எடுத்துவிட்டாள்.

அதில் குழியும் இல்லை, கிழியும் இல்லை. புதிதாகத் தார் போட்ட மாதிரி லேசாக மேடிட்டு, வழவழவென்று இருந்தது.

"உனக்கென்ன மகராசி, கண்ணுக்குள்ள ரோடே போட்டு வெச்சிருக்க" என்றார். குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது.

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அவர் குழியைப் பற்றியே புலம்பினார். மனைவி பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"அந்தக் கதவைப் பாருங்க. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்க, நிலையை நேரா வைக்கத் தெரியல. நடுவுல கோணிக்கிட்டு நிக்குது."

அவர் பார்த்தார். அவருக்கு நிலை நேராகத்தான் தெரிந்தது. இனி தன் கண்ணை எங்கே நம்புவது என்று வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வண்டி போனாப் போகட்டும் விடுங்க. தையல் மிஷின் மிதிச்சு உங்களுக்கு நான் சோறு போடமாட்டேனா?"

உள்ளே, திரையில் முதலில் தன் படம் வந்ததுமே ஓட்டுநர் உடைந்துபோனார். "சார், அந்தக் குழி... என் வேலை போயிடுமா சார்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஆளுய்யா நீங்க! அந்தக் குழி எல்லாருக்கும் இருக்கணும். நேரா பாக்கிற கூர்மையே அங்கதான் இருக்கு. நீங்க தாராளமா வண்டி ஓட்டலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டியா? கேட்டியா?" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அடுத்த படத்தைத் திறந்தார். சிரிப்பு நின்றது. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல குழியைக் காணோமே... இது யார் கண்ணு?"