சைக்கிளில் நியூட்ரல்

எப்படிச் சொன்னாலும் அது தப்பாகத்தான் போய் முடியும் என்று வசந்தாமணிக்குப் பயம். ஆனாலும் சைக்கிள் கடை வாசல்வரை வந்தாயிற்று. இனிமேல் சொல்லாமல் முடியாது.

"அம்மா, நான் கேக்கற சைக்கிள்ல கியர் இருக்கும்."

பாவாயி அப்படியே நின்றுவிட்டாள்.

"கியரா? அப்ப நியூட்ரலும் இருக்குமே சாமி."

பாவாயி போர்வெல் கிணறு தோண்டும் ரிக் லாரி டிரைவர் பெண்டாட்டி. கியர் என்றால் அவளுக்கு மலைப்பாதை. மலைப்பாதை என்றால், எந்தக் கியரிலும் நிற்காமல் நியூட்ரலில் விழுந்து உருண்டுபோன லாரி. புருசன் செல்லமுத்து ஆந்திராவில் போர் போடப் போனால், அவன் திரும்பி வரும்வரை அவளுக்குத் தூக்கம் கிடையாது. கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். குக்கர் விசில் அடித்தால் பயம். பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள்.

ஜூன் மாதம் வசந்தாமணி ஒன்பதாவது போகவேண்டும். பெரிய பள்ளிக்கூடம் திருச்செங்கோட்டில். பஸ் நேரம் ஒத்துவராது. வழியில் கரட்டு மேடு வேறு. சாதா சைக்கிள் என்றால் தள்ளிக்கொண்டு ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். கியர் சைக்கிள் இல்லையென்றால் எட்டாவதோடு சரி. அப்புறம் நூல் மில்லுதான். பாவாயி படிப்பு ஐந்தாவதிலேயே நின்றது.

பணம் கொடுத்துவிட்ட அப்பாவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தார்: "உங்கம்மா செரின்னா வாங்கிக்க."

கடைக்காரர் தீர்த்தகிரி சிவப்பு சைக்கிள் ஒன்றை உருட்டிவந்து நிறுத்தினார். வசந்தாமணிக்குக் கண் அதைவிட்டு நகரவில்லை.

"அஞ்சு கியருங்கம்மா. புது மாடல்."

பாவாயி குனிந்து பார்த்தாள். "பல்லுச்சக்கரமெல்லாம் வெளிய தெரியுதுங்களே. புள்ள பாவாடை கட்டறவ. மாட்டிக்கிட்டா?"

"தூக்கிச் சொருகிக்கலாமுங்க."

"நீங்க மொதல்ல கட்டி ஓட்டிக் காட்டுங்க, பாப்பம்."

தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே சிவப்பை ஓரங்கட்டினார்.

"அந்த மூலைல பச்சையா நிக்கறது என்னங்க?"

அது பழைய லேடீஸ் சைக்கிள். மூன்று கியரும் பின்சக்கரத்து நடுவில் இருக்கிற குடத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். செயினுக்கு முழு மூடி. மோகனூர்ப் பக்கம் வேலை பார்த்த ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. சிவப்பு விலையில் பாதிதான்.

"வளர்ற புள்ளைங்க. சீட்டு ஏத்திக்கலாமா?"

"காலேஜுக்குப் போற வரைக்கும் ஏத்திக்கலாமுங்க."

பாவாயி பிரேக்கைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"இதுல நியூட்ரல் இருக்குதுங்களா?"

கடையே சிரித்தது. பஞ்சர் ஒட்ட வந்திருந்த ஒருவர், "ரிவர்ஸ் கியரும் இருக்குதான்னு கேளுங்கக்கா" என்றார்.

"சைக்கிள்ல ஏதுங்கம்மா நியூட்ரலு?" என்றார் தீர்த்தகிரி.

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவை ஏன் கூட்டிவந்தோம் என்று இருந்தது.

"செரி. கியர் எப்படி மாத்தறதுன்னு சொல்லுங்க, நானே ஓட்டிப் பாத்துக்கறேன்" என்றாள் பாவாயி.

"அம்மா, உனக்கு ஓட்டத் தெரியாதும்மா. வாம்மா போலாம்." வசந்தாமணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பாவாயி அதை அவள் கையிலிருந்து வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். திருச்செங்கோட்டு மலைக்கோயிலைப் பார்த்து "அர்த்தநாரீசா" என்றாள். இடது காலைப் பெடலில் வைத்து இரண்டு உந்து உந்தி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் ஆடியது. அப்புறம் நேராயிற்று.

கடைக்கு எதிரே தெரு மலையடிவாரத்தைப் பார்த்து மேலே ஏறும். ஆம்பிளைகளே சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கிற மேடு. பாவாயி உட்கார்ந்தபடியே ஏறினாள். டக்கென்று கியர் மாறுகிற சத்தம், மறுபடி ஒரு டக். கால் அவசரப்படவில்லை. சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பஞ்சர் ஒட்ட வந்தவர் டியூபைப் பிடித்தபடி தெருவில் வந்து நின்றார். அவ்வளவு பெரிய மலைக்குக் கீழே அம்மா ஒரு சின்னப் பச்சைப் புள்ளியாகித் திரும்புவதை வசந்தாமணி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வரும்போது நடுத்தெருவில் நின்ற எருமைக்கு அம்மா மணி அடித்தாள். எருமை ஒதுங்கிக்கொண்டது.

பாவாயி இறங்கினாள். சைக்கிளைத் தீர்த்தகிரி பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு எடத்துல காலு சும்மா சுத்துதுங்க. புடிமானமே இல்ல. அதுக்குப் பேரு என்னங்க?"

தீர்த்தகிரி பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிப் பார்த்தார். கியர்க் கம்பி தளர்ந்திருந்தது. பெடல் சுற்றியது, சக்கரம் அசையவில்லை.

"நியூட்ரலுங்கம்மா" என்றார் மெதுவாக.

"கம்பிய இறுக்கிக் குடுங்க. எடுத்துக்கறோம்."

ஊருக்குப் போகும் வழியெல்லாம் வசந்தாமணி பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"எப்பம்மா கத்துக்கிட்ட?"

"சைக்கிளுக்குன்னு உங்கப்பன் பணம் குடுத்துவுட்ட நாள்லயிருந்து. சங்ககிரில உங்க சின்னம்மா ஊட்டுக்குப் பின்னால லாரி நிறுத்தற காலி எடம் இருக்குதில்ல, அங்க. வாடகை சைக்கிள் எடுத்து."

"உளுந்தியா?"

"உளுகாம?"

"குக்கருக்கே பயப்படுவியே. இதுக்கு மட்டும் எப்படிம்மா தைரியம் வந்துச்சு?"

"தைரியம் எங்க வந்துச்சு சாமி? நான் ஏறிப் பாக்காத வண்டில உன்னை ஏத்தியுடப் பயமா இருந்துச்சு. அதான் கத்துக்கிட்டேன்."